அளவில்லாத லீவும் அளவுச் சாப்பாடும்

1

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஆபீசில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்த நாள் இல்லை. கம்பெனியில் 'அன்லிமிடெட் லீவ்' வந்து ஐந்து வருஷம் நிறைந்துவிட்டதாம், அதற்குத்தான் கேக்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். முன்பெல்லாம் எங்களுக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் லீவு. திடீரென்று ஒருநாள் மேலிடத்தில் ஞானோதயம் வந்து, இனிமேல் கணக்கே கிடையாது, யாருக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு நானும் எழுந்து நின்று கைதட்டினேன். கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் பிறந்து, ராசிபுரத்தில் படித்து, சென்னையில் குப்பை கொட்டி, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் வரைக்கும் வந்து லாரி கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் எழுதுகிறவன் நான். இனி நினைத்தபோதெல்லாம் ஊருக்குப் போகலாம் என்று அன்று சாயங்காலமே கவிதாவிடம் சொன்னேன். கவிதா என் மனைவி. "பாக்கலாம், பாக்கலாம்" என்றாள். அவள் சேலத்துக்காரி, எதையும் சட்டென்று நம்பமாட்டாள்.

கேக் வெட்டிய அன்று ஹெச்.ஆர். பெண்மணி யார் எத்தனை நாள் லீவு எடுத்தார்கள் என்று திரையில் ஒரு படம் போட்டுக் காட்டினார். பக்கத்து சீட்டு பிரையன் போன வருஷம் ஒன்றரை மாதம் லீவு எடுத்திருக்கிறான். அதில் ஒரு வாரம் அவனுடைய நாய்க்கு ஆபரேஷன் ஆனதற்கு. நான் எடுத்தது நான்கு நாள். அந்த நான்கில் ஒன்று, வீட்டில் ஹீட்டர் ரிப்பேர் பண்ண ஆள் வருகிறான் என்று எடுத்தது. ஹெச்.ஆர். பெண்மணி என் தோளைத் தட்டி, உங்களுக்கு இந்த வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த கேக்கை எங்கேயாவது வீசலாம் போல இருந்தது. சாக்லேட் கேக் என்பதால் தின்றுவிட்டேன்.

பதினைந்து நாள் லீவு இருந்த காலத்தில் நான் ஒரு நாளைக்கூட விட்டதில்லை. மேனேஜரோடு மல்லுக்கட்டி, இரண்டு வருஷத்து லீவைச் சேர்த்து வைத்து, மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவேன். அளவு போன நாளிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. நல்லா இருக்கிறதே கதை என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

இந்த நாட்டில் இரண்டு வார்த்தைகளை எங்கே பார்த்தாலும் எழுதி வைத்திருப்பார்கள், லிமிடெட், அன்லிமிடெட். இரண்டையும் நம்பக்கூடாது என்று புரிய எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

போன் கம்பெனிக்காரன் அன்லிமிடெட் டேட்டா என்று விற்பான். மாசக் கடைசியில் ஊரில் இருக்கும் தங்கச்சி செல்வியோடு வீடியோவில் பேசினால் படம் உறைந்து நிற்கும். கேட்டால், அன்லிமிடெட்தான் சார், ஆனால் நியாயமான உபயோகத்துக்கு உட்பட்டது என்பான். என் தங்கச்சியோடு பேசுவதில் எது நியாயம் எது அநியாயம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஹோட்டலில் கலர் சோடா எத்தனை தடவை வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். குடிதண்ணீர் பாட்டிலுக்குக் காசு.

இங்கேயே நிரந்தரமாகத் தங்கக் கொடுக்கிற கிரீன் கார்டு, அந்தப் பச்சை அட்டை விஷயம் சொல்லி மாளாது. ஒரு நாட்டுக்காரர்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு லிமிட் வைத்திருக்கிறார்கள். அட்டைக்குத்தான் லிமிட், வரிசைக்குக் கிடையாது, எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். நானும் நிற்கிறேன். என் முறை எப்போது வரும் என்று வக்கீலிடம் கேட்டால், உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆவதற்குள் வந்துவிடலாம் என்று சிரிக்கிறார். அதற்குத் தனியாக பீஸ் வேறு.

மகள் இனியாவுக்குப் பதினாறு வயசு. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இப்போது கணக்கில் லிமிட் பாடம் நடக்கிறது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் அம்மாவுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு நம்பர் இருக்கும்மா. அதுகிட்ட போய்க்கிட்டே இருக்கணும். கிட்டக் கிட்டப் போகும். ஆனா டச் பண்ணவே பண்ணாது."

"புரியலியே" என்றாள் கவிதா.

இனியா ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்பா கொல்லி ஹில்ஸ் போற மாதிரிம்மா. எவ்ரி இயர் போறோம் போறோம்னு சொல்வாங்கல்ல?"

கவிதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் ரசம் புரையேறியது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மகளுக்குத் தமிழ் தேய்ந்துகொண்டே வருகிறது என்று எல்லாரிடமும் புலம்புகிறவன் நான். இதைச் சொல்ல மட்டும் அவளுக்குத் தமிழ் தாராளமாக வந்தது.

3

செல்வி என் ஒரே தங்கச்சி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான். அந்த வீடு ஒஹையோவில் இருக்கிறது, அதுதான் தொல்லை. அவள் மகள் தர்ஷினி. கைக்குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தபோது ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான்.

பெண் குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். ஒற்றைப்படை வயசில் குத்த வேண்டும். ஒரு வயசில் குத்துவதாக இருந்தார்கள். எனக்கு விசா புதுப்பிப்பு நடுவழியில் நின்றது, வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் பயமுறுத்தினார். மூன்றில் என்று தள்ளினார்கள். அதற்குள் அன்லிமிடெட் லீவ் வந்துவிட்டது, நான் போகவில்லை. ஐந்தில் என்றார்கள். அப்போதும் அன்லிமிடெட் லீவ், அப்போதும் போகவில்லை. இப்போது அவளுக்கு ஏழு நடக்கிறது. சித்திரை வந்தால் எட்டு.

வேறு ஆள் மடியே இல்லையா என்று நானே ஒரு தடவை கேட்டேன். பங்காளி முறையில் எனக்கு நான்கு தம்பிகள் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரிலேயே இருக்கிறார்கள், மிளகு வியாபாரம் பார்த்துக்கொண்டு, அகலமான மடியோடு. செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குக் கூடப் பொறந்தது நீங்க ஒருத்தருதானுங்கண்ணா" என்றாள்.

செல்வியின் மகளிர் குழு இப்போது ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறது. சாமையும் தினையும் பாக்கெட் போடும் கம்பெனி, பெயருக்குக் கடைசியில் லிமிடெட் என்று வரும். அதன் அர்த்தம் என்ன என்று என்னிடம்தான் கேட்டாள். கம்பெனி நொடித்துப்போனால் நீ போட்டது மட்டும்தான் போகும், உன் வீடு வாசலைத் தொட முடியாது, பொறுப்புக்கு ஓர் அளவு உண்டு என்று சொன்னேன். "நல்ல ஏற்பாடுதானுங்க" என்றாள். தாய்மாமன் பதவிக்கு இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. காது குத்து, சீர், சடங்கு, கல்யாணம், அதற்குப் பிறகு வருகிற சண்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. தாய்மாமன் ஒரு சுத்தமான அன்லிமிடெட் கம்பெனி.

ஆனால் செல்வி ஒரு நாளும் என்னை நெருக்கியதில்லை. ஒவ்வொரு தடவை பேசி முடிக்கும்போதும் சொல்வது ஒன்றுதான். "உங்களுக்கு எப்பத் தோதுப்படுதோ அப்ப வாங்கண்ணா. எப்ப வேணாலும் வாங்க. நாங்க இங்கதான இருக்கறோம்."

பின்னாலிருந்து தர்ஷினி எட்டிப் பார்ப்பாள். "மாமா, எப்ப வருவீங்க?"

"சீக்கிரம் கண்ணு."

இரண்டு காதிலும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பாள். வகுப்பில் எல்லாப் பெண்களும் தோடு போட்டிருக்கிறார்கள். இவள் தினமும் காலையில் அம்மாவின் பொட்டு அட்டையிலிருந்து இரண்டை எடுத்துக் காதில் ஒட்டிக்கொண்டு போகிறாள். வியர்த்தால் ஒன்று விழுந்துவிடும். அன்றைக்கு ஒற்றைத் தோட்டோடு வீட்டுக்கு வருவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த மாதம் லீவு கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த மாதம் வரும், கேட்கமாட்டேன்.

4

ஏன் கேட்கவில்லை என்பது எனக்கே விளங்காமல் இருந்தது. விளங்க வைத்தது மாப்பிள்ளை செல்லமுத்து. அதாவது செல்வியின் வீட்டுக்காரர். விளங்க வைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவருக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினார், எனக்கு விளங்கியது.

செல்லமுத்து மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் வைத்திருக்கிறார். ஆரம்பித்தபோது போர்டில் பெரிதாக 'அன்லிமிடெட் சாப்பாடு' என்று எழுதினார். அருவி பார்க்க வரும் காலேஜ் பையன்கள் படை படையாக வந்து உட்கார்ந்து, குண்டான் கவிழ்கிற வரைக்கும் சாப்பிட்டார்கள். மலை ஆட்களும் வந்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள், தாலுகா ஆபீசில் காத்துக் கிடந்தவர்கள். அவர்கள் ஒரு தடவை போட்டதைச் சாப்பிட்டார்கள், சாதம் வேண்டுமா என்று கேட்டால் இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தார்கள், எழுந்து போனார்கள்.

பையன்களின் பசி தாங்காமல் செல்லமுத்து போன கார்த்திகையில் போர்டை மாற்றினார். 'அளவுச் சாப்பாடு.' தட்டில் ஒரே குவியலாக வைத்துவிடுவது, மறு சாதம் கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வீடியோவில் கத்தினார்.

"மச்சான், இந்த அநியாயத்தக் கேளுங்க. காலேஜ் பசங்க போர்டப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போறானுங்க. செரி, போனாப் போவுதுன்னா, நம்ம ஆளுங்க திமுதிமுன்னு வர்றாங்க! கோபுரமாட்டம் குவிச்சு வெக்கறேன், ஒரு பருக்க மிச்சம் வெக்கறதில்லீங்க. குச்சிக்கெழங்குப் பொரியல வழிச்சு நக்கறாங்க. இவங்களேதான் போன வருசம் அரை வயித்துக்குத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனவங்க. என்ற சமையல் புடிக்கலையாட்டம் இருக்குதுன்னு நான் எத்தன நாள் வேதனப்பட்டிருப்பேன்!"

"அளவில்லேன்னா எப்புடீங்க கேக்கறது?" என்று செல்வி பின்னாலிருந்து சாதாரணமாகச் சொன்னாள். "இது உன்றதுன்னு வெச்சுட்டா, திங்கறதுக்கு என்ன வெக்கம்?"

செல்லமுத்துவும் மலைக்காரர்தான், ஆனாலும் அவருக்குப் புரியவில்லை. திட்டிக்கொண்டே போனை வைத்தார். எனக்கு எங்கள் ஊர்ப் பலாமரம் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் பலாமரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதையோரத்தில் பழுத்து விழுந்ததை யார் வேண்டுமானாலும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். மரத்துக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. கொட்டையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும், மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடாது. எத்தனை சுளை என்று யாரும் எண்ணமாட்டார்கள். ஆனால் கொட்டை கிடக்கிறதே! அடுத்து அந்த வழியே வருகிறவர்கள் பார்ப்பார்கள். அதனால் எல்லாரும் நாலு சுளையில் எழுந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வாலிபத்தில் ஏதோ ஒரு பசி நாளில் ஒரு பழத்தையே முடித்துவிட்டார். இன்று அவருக்குப் பேரன் பேத்தி இருக்கிறது, இன்னமும் அவர் பெயர் முழுப்பழம். பத்திரிகை வைக்கப் போனாலும் முழுப்பழத்தின் வீடு எது என்றுதான் கேட்பார்கள்.

ஐந்து வருஷமாக நான் கம்பெனி லீவைப் பலாமரமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! நாலு சுளை, எழுந்துவிடு. பிரையனுக்கு அப்படி எந்த மரமும் தெரியாது. அவன் உட்கார்ந்து நிம்மதியாகத் தின்கிறான், கொட்டையைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? என்னை யாரும் தடுக்கவில்லை. பெயர் கெட்டுவிடும் என்று நானே இலைக்கு மேலே கையை நீட்டி மறித்துக்கொண்டேன். அடக் கடவுளே, வெளிநாட்டில் முழுப்பழம் என்று எவன் கூப்பிடப் போகிறான்?

5

இது புரிந்தவுடன் நான் பாய்ந்து லீவு கேட்டுவிட்டேன் என்று நினைத்தால் உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. புரிவது வேறு, கேட்பது வேறு. தள்ளிப்போட்டேன்.

மாசி பிறந்ததும் செல்வி கூப்பிட்டாள். எப்போதும் போல நலம் விசாரிக்கவில்லை.

"அண்ணா, பங்குனி ரெண்டாவது ஞாயித்துக்கெழம. காலைல ஏழரைக்குள்ள. ஆசாரிக்குச் சொல்லியாச்சு, கோயில்ல சொல்லியாச்சு."

"பாக்கறேன் செல்வி. ஆபீஸ்ல கேட்டுட்டு..."

"பாக்கறதெல்லாம் வேண்டாமுங்க. வந்தா உங்க மடி. வரலீன்னா அவ அப்பன் மடியிலயே உக்கார வெச்சுக் குத்திப்போடுவேன். நேத்து அந்தப் புள்ள பொட்டு உளுந்துரக் கூடாதுன்னு பெவிகால் தடவிட்டுப் போயிருக்குது. காதெல்லாம் தோலுரிஞ்சு செவந்து கெடக்குது. இனிமே எப்ப வேணாலும் வாங்கன்னு நான் சொல்லமாட்டேனுங்க."

போனை வைத்துவிட்டாள். என் தங்கச்சி என்னோடு பேசும்போது அவளாகப் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. பயந்துவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் லிண்டாவின் அறைக்குப் போனேன். ஊருக்குப் போக வேண்டும், லீவு வேண்டும் என்றேன். இங்கே நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"தாராளமா. எவ்வளவு வேணும்?"

"நீங்க சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? அன்லிமிடெட்தானே?"

"அதுதான் தொந்தரவு. எனக்கு ஓர் அளவு சொல்லுங்க. இது உன்னுடையதுன்னு ஒரு நம்பர் கொடுங்க."

லிண்டா கதவைச் சாத்திவிட்டு வந்து, மனநல ஆலோசனைக்கு ஆபீசில் ஒரு இலவச எண் இருப்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றார். பலாமரத்தை விளக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பலாப்பழம் எப்படி இருக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் காது குத்தைச் சொன்னேன். ஒரு குழந்தை ஏழு வருஷமாக என் மடிக்காகக் காத்திருக்கிறது என்றேன்.

லிண்டா கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வாரம்" என்றார். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார். "அது முடியறதுக்கு முன்னாடி உங்க பேரை ஆன்லைன்ல பார்த்தேன்னா, லாக்-இன்னை நானே நிறுத்திடுவேன்."

வெளியே வந்தபோது எனக்குத் தட்டில் சாதத்தைக் குவித்து வைத்த மாதிரி இருந்தது. நடக்கும்போதே டிக்கெட் போட்டேன். இனியாவுக்குப் பரீட்சை, அதனால் நான் மட்டும். சாயங்காலம் சொன்னதும் அவள் போனிலிருந்து நிமிர்ந்து, "டச் பண்ணிட்டீங்களாப்பா?" என்றாள்.

6

பஸ் மலை ஏறுகிற பாதையில் எழுபது வளைவு. அமெரிக்கா போனவன் மலையை நினைத்தால் அருவியும் மூலிகைக் காற்றும் ஞாபகம் வருமாம், அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு ஞாபகம் வருவது வாந்தி. இந்தத் தடவையும் பாதி மலைக்கு மேல் தலையை வெளியே நீட்டியபடியே வந்தேன். சோளக்காட்டில் பஸ் நின்றபோது அன்னாசிப் பழம் விற்கிறவர், "வெளியூருங்களா? மொதல் தடவ வந்தா இப்புடித்தான் இருக்குமுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயிலில் மடியைத் தயார் பண்ணி உட்கார்ந்தேன். ஒரு வயசுக் குழந்தைக்காக ஏற்பட்ட வழக்கம் இது. ஏழு வயசுப் பெண் வந்து உட்கார்ந்தால் மாமனின் முகம் மறைந்துவிடுகிறது, அவள் கால் தரையில் ஊன்றுகிறது. போட்டோ எடுத்தவர், மாமனை எங்கே காணோம் என்று கேட்டார். எனக்குக் கால் மரத்துப்போனது. கண்ணீரும் வந்தது, அவள் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு துடைத்துக்கொண்டேன்.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். தர்ஷினி போட்ட கத்தலில் மேளக்காரரே நிறுத்திவிட்டார். துள்ளி என் மடியிலிருந்து இறங்கி, "போதும்! ஒரு காது போதும்!" என்று கோயில் தூணைக் கட்டிக்கொண்டாள். வலிக்காது சாமி என்றார் செல்லமுத்து. அது பொய் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. மிட்டாய், பொம்மை, சைக்கிள் என்று ஏலம் ஏறியது. அவள் அசையவில்லை.

"கண்ணு, இங்க பாரு. வலிக்கும்" என்றேன். "ஆனா இன்னும் ஒரே ஒரு தடவதான். அதோட முடிஞ்சுது."

"அதுக்கப்புறம் கெடையாதா?"

"கெடையாது. காதே ரெண்டுதான்."

யோசித்தாள். தானாக நடந்து வந்து, என் மடியில் ஏறி, இன்னொரு காதைக் காட்டிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மத்தியானம் செல்லமுத்து மெஸ்ஸிலிருந்து வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு காதிலும் சின்னத் தங்கம். வீக்கத்தில் காது மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"மாமா, எத்தன நாளு இருப்பீங்க?"

பாக்கலாம் கண்ணு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "இன்னும் பன்னெண்டு நாள்" என்றேன்.

அவள் முகம் வாடிவிடும் என்று பயந்தேன். அதற்குத்தானே இத்தனை வருஷம் 'சீக்கிரம்', 'பாக்கலாம்' என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். அவளோ கையை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்கினாள். திங்கள், செவ்வாய் என்று முணுமுணுத்தாள். பத்து விரலும் தீர்ந்துபோனது. மீதி இரண்டு நாளுக்கு என் கையை இழுத்து, என் விரல்களை மடக்கினாள். எண்ணி முடித்ததும் எழுந்து வீட்டுக்குள் ஓடினாள்.

"அம்மா! மாமா நாளைக்கும் இருப்பாங்களாம்!"